போடுவதற்கு ஒரு தரை

முதலில் கார் வெளியே போனது.
மூஸ் ஜாவில், ஜனவரியில்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மார்லிஸ் கராஜின் நடுவில் மண்டியிட்டு
ஒரு கோலிக்குண்டை வைத்தாள்.
அது கொஞ்சம் யோசித்தது, பிறகு
வடிகாலைப் பார்த்து உருண்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இவள் ஆடத் தொடங்கும் முன்பே கோணல்தான்,
ஆறடிக்கு ஓர் அங்குலம்.
உருகும் பனி வழிந்து போகட்டும் என்று
எவனோ நல்லெண்ணத்தில் போட்ட கான்கிரீட்.

கம்பி வாங்க ரெஜைனா வரை போனோம்.
கடைப் பையன் இருபது கிலோக் கம்பியை நீட்டினான், என்னிடம்.
அவள் பதினைந்து கேட்டாள்.
இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமன்:
கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில்
போய் ஒளிய வேண்டுமாம்.
முனைக் குழலைச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்தாள்,
சுழற்சி தானாக ஓயும்வரை.
நான் விலைச்சீட்டைப் படித்தேன்.
இரண்டாம் முறையும் அதே எண்தான்.
"சுவருக்குக் கண்ணாடி?" என்றான் பையன்.
"என் முகம் எப்படிக் கோணும் என்று எனக்கே தெரியும்."

நீலமும் மஞ்சளுமாய் நுரைச் சதுரங்கள் இருந்தன,
ஒன்றோடொன்று பல் கோர்த்துக்கொள்பவை.
காலணியோடு ஏறி நின்று பார்த்தாள்.
குதிகால் புதைந்தது.
இறங்கிவிட்டாள்.

கேரன்போர்ட் போகும் வழியில் லைல் ஃபேர்
லாயத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்.
நாலுக்கு ஆறடி ரப்பர் விரிப்புகள்,
முக்கால் அங்குலக் கனம், மடங்காது,
பிடிக்க ஓர் இடம் கிடையாது.
"பிணம் மாதிரி கனக்கிறது" என்றேன்.
"நீ பிணம் தூக்கியிருக்கிறாயா?" என்றாள்.
முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் அவளுக்கு.
மறுமுனையைப் பேசாமல் தூக்கினேன்.

ஒரு விரிப்பில் மட்டும் நான்கு பள்ளங்கள்.
பார்லி என்ற குதிரை
பத்தொன்பது வருடம் நின்ற இடம்.
அதற்கு அவர் காசு வாங்கவில்லை.
"தேய்ந்தது" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

பிறகு ஒரு வாரம் நீர்மட்டக் குமிழோடு குடித்தனம்.
தேவதாரு ஆப்புகள், அதன்மேல் ஒட்டுப்பலகை,
அதற்குக் குறுக்கே இன்னொரு அடுக்கு.
நடுவே கால் ஊன்ற மரம்,
இரு பக்கமும் தட்டு விழ ரப்பர்.
கைகளை உயர்த்தி, அதற்குமேல் தட்டின் பாதியையும் அளந்தால்
கதவு மோட்டாரின் தண்டவாளம் நாலு விரற்கடை இடித்தது.
கழற்றினோம்.
இப்போது கதவைத் தூக்குவது நான்.
பார்லியின் விரிப்பை அவள் அடிபடும் இடத்தில் போடவில்லை.
கதவருகே, காலணி மாற்றும் மூலையில் கிடக்கிறது.

மைனஸ் முப்பத்தொன்றில் இரும்பு தோலைக் கேட்கும்.
ஆகவே கம்பி எங்களோடு வீட்டுக்குள் தூங்குகிறது.
இரவில் எழுந்துபோய்
அதில் கால்விரலை இடித்துக்கொள்பவனும் நானே.

ஒரு தடவை கேட்டேன், போதாதா என்று,
நாள் முழுக்கத் தூக்கிவிட்டு வந்து
இங்கேயும் தூக்க வேண்டுமா என்று.
சாக்பீஸ் தூளை உள்ளங்கையில் தேய்த்தபடி சொன்னாள்:
"தூக்குவதில் ஒன்றுமில்லை, டார்சி.
இறக்குவதுதான்.
தலையைத் தாங்கி, பிறகு இடுப்பு,
விரல் எதிலும் மாட்டாமல்,
அவர்கள் தூக்கம் கலையாமல்.
இதுவரை ஒருவரையும் நான் போட்டதில்லை."

முதல் நாள் நாற்பது கிலோ.
தலைக்கு மேல் நிறுத்தினாள்.
கம்பி அசையவில்லை, அவளும்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியாமல்.
கையை விட்டாள்.

பெயின்ட் டப்பாக்கள் அலமாரியில் துள்ளின.
பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை குரைத்துவிட்டுக்
காத்திருந்தது.
கம்பி இரண்டு தடவை எம்பி
விழுந்த இடத்திலேயே நின்றது, உருளாமல்.
அவள் கைகள் இன்னும் மேலேயே இருந்தன,
திறந்தபடி.

"அஞ்சு கிலோ போடு" என்றாள்.
போட்டுவிட்டு,
கார்க் கண்ணாடியில் பனி சுரண்ட வெளியே போனேன்.
உள்ளே விழுந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடியும்.