பதின்மூன்று டிகிரி

எல் ஆல்தோவில், பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டு
எனக்கும் இரண்டு அடுப்புக்கும்தான் காணும்.
செவ்வாய்க்கிழமை அதற்குள்
மூன்றாம் வகுப்பு முழுசும் நுழைந்தது.
இருபத்தாறு பிள்ளைகள், ஒரு வெப்பமானி,
செவெரினா டீச்சர் கையில்
எங்கோ கடலோரத்து அச்சகத்திலிருந்து
மலையேறி வந்த புத்தகம்.

“தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்.
இன்றைக்கு நாமே பார்க்கப்போகிறோம்” என்றார்.
மொச்சைப் பானையை இறக்கி இடம் விட்டேன்,
முணுமுணுத்துக்கொண்டுதான்.
பதினொரு மணிக்கு
முந்நூறு கிண்ணம் நிரம்பியாக வேண்டும்.

முதலில் ஒரு குமிழி. பிறகு கூட்டம் கூட்டமாய்.
வாரா பெஞ்சின் மேல் ஏறிப் படித்துச் சொன்னாள்:
எண்பத்தேழு.

“அப்படியானால் இன்னும் கொதிக்கவில்லை”
என்றான் லிம்பெர்.
தண்ணீரோ விளிம்பு தாண்டித்
தெறித்துக்கொண்டிருந்தது.
தீயைக் கூட்டினேன்.
நீலச் சுவாலை பானையின் இடுப்பைப் பிடித்தது.
தண்ணீருக்குக் கோபம் கூடியது,
சூடு கூடவில்லை.
எண்பத்தேழு.

வெப்பமானி கெட்டுப்போச்சு என்று முடிவானது.
சந்தையில் பாலாடைக்கட்டி போடும் சித்தியிடம்
யோவானா ஓடினாள்.
ஜன்னலில் பதினான்கு சிவப்புக் கேபிள் கார்
கடந்துபோன பிறகு
இன்னொன்றோடு வந்தாள், மூச்சு வாங்க.
அதற்கும் அதே பிடிவாதம்.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார்.
பானையைப் பார்த்தார்.
“ஏன் என்று எனக்குத் தெரியவில்லை” என்றார்.
ஒரு டீச்சர் வாயிலிருந்து அந்தச் சொல்லை
அவர்கள் முன்னால் கேட்டதில்லை போல.
கொதிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

லிம்பெர் நோட்டில் நூறு என்று எழுதினான்.
பரீட்சையில் அதைத்தானே கேட்பார்கள்.
அழித்தான். எண்பத்தேழு.
அழித்தான். மறுபடி நூறு.
அந்த இடத்தில் காகிதம் ஓட்டையானது.

வாராதான் மெல்லச் சொன்னாள்:
“காற்று தண்ணீர்மேல் உட்கார்ந்திருக்குமில்ல, டீச்சர்?
கீழே, கடல் பக்கம், அது குண்டு.
நம்ம ஊரில் ஒல்லி.
தள்ளிவிட்டு எழுந்திருக்கத்
தண்ணீருக்கு அவ்வளவு சூடு வேண்டாம்.”

நான் கழித்துக்கொண்டிருந்தேன்.
நூறில் எண்பத்தேழு போனால் பதின்மூன்று.
பதினோரு வருஷமாய்
என் சமையல்கட்டில் காணாமல்போன பதின்மூன்று.
மூன்று மணிநேரம் வெந்தும்
பல்லில் நறுக்கென்னும் மொச்சை,
மாதம் முடியுமுன் காலியாகும் சிலிண்டர்,
“இந்த அம்மாவுக்குப் பதம் தெரியாது” என்று
பழைய ஹெட்மாஸ்டர் விட்டுப்போன வார்த்தை
எல்லாம் அந்த இடைவெளியில்தான் கிடந்திருக்கின்றன.
ஏட்டில் கொதிக்கிற தண்ணீரில்
என் மொச்சை வேகாது.

அதற்குள் பசி வந்துவிட்டது அவர்களுக்கு.
ஊதாச் சோளக் கஞ்சியை ஊற்றினேன்.
யாரோ எலுமிச்சையைப் பிழிய
ஒரு கிண்ணம் மாதுளைச் சிவப்பானது.
யோவானா சமையல் சோடாவைத் தூவ
இன்னொன்று நீலம், மழைக்கு முந்தைய நீலம்.
டீச்சர் “யாரும்...” என்று தொடங்குவதற்குள்
லிம்பெர் ஒரு வாய் குடித்துவிட்டான்.
“சோப்பு” என்றான்.
நோட்டை எடுத்து அதையும் எழுதினான்.
அதை மட்டும் அழிக்கவில்லை.

மதியம் வாராவின் நோட்டை இரவல் வாங்கிக்கொண்டு
தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்,
மாதத்துக்கு ஒரு சிலிண்டர் கூடுதலாகக் கேட்டு.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.
மலையில் மேகம் இறங்கும் வரை வாசித்தார்.
“பார்க்கலாம்” என்றார்.

பார்த்தாகிவிட்டது என்றேன்,
இரண்டு வெப்பமானியில்.