கையில் ஒன்று

ஏழும் எட்டும் பதினைந்து.
அஞ்சைப் போட்டு, கையில் ஒன்று.
அந்த ஒன்று கையில் எங்கே இருக்கும் என்று
ஆரப்பாளையம் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.
விரித்துப் பார்த்தேன்:
நாவற்பழக் கறை.

மில்லில் சம்பளப் பிரிவு.
எண்ணூற்றுப் பதினான்கு பேருக்கு வாரக்கூலி.
எனக்கொரு ஃபேசிட் மெஷின்,
சுவீடன் இரும்பு, காபிக்கொட்டை அரைக்கிற மாதிரிக் கைப்பிடி.
முன்னால் சுற்றினால் கூட்டல், பின்னால் கழித்தல்.
கழித்துக் கழித்துப் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனால்
மணி அடிக்கும்.
கடன் பிடித்தம் உள்ள சீட்டுகளில் அடித்துக்கொண்டே இருந்தது.
"அடுத்தவன் வீட்டுக் கஷ்டம், நம்ம காதுல மணி" என்பாள்
நாலாவது டேபிள் சந்திராபாய்.

பாக்கியநாதன் பழுதுபார்க்க மூடியைக் கழற்றியபோது பார்த்தேன்:
ஒன்பது புரளும்போது ஒரு முள்
பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளிவிடுகிறது.
ஆக, கையில் ஒன்று இங்கேதான் இருந்திருக்கிறது.
முந்நூறு வருஷம் முன்பு பிரான்சில் ஒரு பையன்
அப்பாவின் வரிக்கணக்கைப் பார்த்துச் சலித்துச்
செய்த யோசனையாம்.
சொல்லிவிட்டு எண்ணெய்க் கையை
என் கணக்குத்தாளில் துடைத்தான்.

பிறகு துளை அட்டைகள்.
பெட்டி பெட்டியாய் மதராஸுக்கு ரயிலேறிப் போய்
பத்து நாளில் அச்சாகித் திரும்பும்.
துளை இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை.
இதிலென்ன புதுசு?
செல்லூர்ச் சந்துகளில் தறிக்கு மேலே
மாலை மாலையாய்த் தொங்குகிறது.
துளை இருந்தால் இழை எழும்; இல்லாவிட்டால் படுக்கும்.
அங்கே முந்தானையில் அன்னம் வரும்.
இங்கே பி.எஃப். பிடித்தம் வந்தது.

எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வருகிறது என்றார்கள்.
மேலப்பொன்னகரம் மதிலில் சுண்ணாம்படித்து
'ஆள்தின்னிப் பொறியே, திரும்பிப் போ' என்று எழுதியது நான்தான்.
சங்கத்தில் என் கையெழுத்துதான் உருண்டை.
பொறி திரும்பவில்லை.
மூன்று சக்கர வண்டியில், வைக்கோல் சுற்றி, உள்ளே வந்தது.

அதற்குக் குளிர் அறை.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.
சந்திராபாய் நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டாள்,
கேலிக்குத்தான்.

பாடம் எடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன்.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று
போர்டில் எழுதி
"மனுஷ மூளைக்குப் பழக்கமில்லாத கணக்கு" என்றான்.
நாங்கள் சிரித்துவிட்டோம்.
அரை. கால். அரைக்கால். வீசம்.
யானைக்கல் மார்க்கெட்டில் காய் வாங்கிய எவளுக்கும் தெரியும்.
ரூபாய்க்குப் பதினாறு அணா
ஐம்பத்தேழில் ஒழிந்தது என்று நினைத்திருந்தேன்;
இந்தப் பெட்டிக்குள் குடியிருந்திருக்கிறது.

மூன்றாம் மாதம் மேனேஜர் கேட்டது ஒரு பட்டியல்:
வருஷத்தில் இருநூறு நாளுக்குக் குறைவாக வந்தவர்கள்.
என்டர் தட்டியது என் விரல்.
அறுபத்தொரு பெயர்.
முப்பத்தெட்டாவது, பிரசவ லீவு போட்டிருந்த சந்திராபாய்.
எண்ணூற்றுப் பதினான்கில் அறுபத்தொன்று போனால்
எழுநூற்று ஐம்பத்து மூன்று.
மணி அடிக்கவில்லை.

சங்கம் வழக்குப் போட்டது, பாதிப் பேர் திரும்பினார்கள்.
அவள் திரும்பவில்லை.
மில் அந்தப் பெட்டியை ஏலம் விட்டபோது
நஷ்டஈட்டுப் பணத்தில் அவளே எடுத்தாள்.
இப்போது தல்லாகுளத்தில், மாடிப்படிக்குக் கீழே,
அதில் சீட்டுக் கணக்கு.
குளிர் அறை இல்லை. பிள்ளையின் ஈரச் சட்டை
மானிட்டர் மேல் காய்கிறது.

போன சனிக்கிழமை போயிருந்தேன்.
யாரோ ஒருவரின் வரவைத் தட்டினாள்,
பாக்கியைத் தட்டினாள்.
பீப் என்று கத்தியது.
"ரெண்டே வரி புரோகிராம்" என்றாள் திரும்பாமல்,
"பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா
சத்தம் கேக்கணும்ல."