வடிகால் அறிக்கை

கூல் நகர மன்றத்தில்
வியாழன்தோறும் வடிகால் பேச்சு.
குறிப்பெழுதுவது என் வேலை.

மூன்றாம் நாற்காலியில் ஆக்ஸ்டபி.
இமை பாதி சரிந்தால் 'ட்ரௌஸ்'.
மோவாய் டையில் இறங்கினால்
மாத்திரை இல்லாத 'டோஸ்'.
துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்,
அவர் வாயில் அது 'கிப்'.

'ஸ்னூஸ்' என்று எழுதினால்
அவரா, அறிக்கையா?
தூக்கத்துக்கும் சலிப்புக்கும்
ஒரே சொல் எங்கள் மொழியில்.

தலைவி ஹெஸ்கத் முறைத்தாள்.
தட்டி எழுப்ப எழுந்தேன்.

எடித் போன ஜூனிலிருந்து
வீட்டில் கண்ணே மூடவில்லையாம்.
போன வாரம் கோட்டு மாட்டிக்கொண்டே சொன்னார்,
பஸ் நேரம் கேட்பதுபோல.

திரும்ப உட்கார்ந்தேன்.
"பிற்சேர்க்கையையும் வாசித்துவிடலாமே" என்றேன்,
"குழாய் அளவுகள் எல்லாம்.
மெதுவாக."