ராதாகிருஷ்ணன், 71-வது நிமிடம்

நெல்லித்தோப்பில், மருந்துக்கடை மாடி.
அவன் நீட்டிய கால்கள்
கட்டிலைத் தாண்டி ஜன்னல் வரை போயின.
ரடோஸ்வாவ் என்று பெயர்.
முத்தியால்பேட்டைப் பையன்கள்
நாக்கு சுளுக்கி, ராதா ஆக்கிவிட்டிருந்தார்கள்.
சீட்டில் நானும் அப்படியே எழுதினேன்:
ராதா, முப்பத்தாறு, வலது முட்டி, வீக்கம்.

எனக்குக் கால்பந்து தெரியாது.
தசைநார் தெரியும்.
அதனால் அவன் ஆடிய காலமெல்லாம்
எனக்குக் கீழிருந்து மேலாக வந்தது.
கணுக்காலில் ஏழு தையல்:
நிலக்கரி ஊர், இரண்டாம் டிவிஷன்,
பனியில் ஆரஞ்சு நிறப் பந்து,
வயது பத்தொன்பது, அந்த வருடம் பதினாலு கோல்.
முட்டியின் உள்பக்கம் நீளமாய் ஒரு கோடு:
வார்சாவின் கிளப் வாங்கிய மூன்றாம் வாரம்.
எட்டு மாதம் ஊன்றுகோல்.
அவன் இடத்தில் இறங்கியவன்
இப்போது போலந்து டி.வி.யில் ஆட்டம் அலசுகிறான்.
தொடைக்குப் பின்னால், விரல் இறங்கும் பள்ளம்:
சைப்ரஸ். சம்பளம் வராத சைப்ரஸ்.
அதற்குமேல் தழும்பில்லை.
கஜகஸ்தான், கோவா, மலப்புறத்துச் செவன்ஸ்
எல்லாம் எலும்புக்குள் இருக்கிறதாம்,
மழைக்கு முந்தின நாள்
ஒவ்வொன்றாய்ப் பேச ஆரம்பிக்குமாம்.

"அறுபத்தொன்று" என்றான் ஒருநாள்
வெந்நீர்ப் பைக்கு அடியிலிருந்து.
ஒத்தடத்தை எண்ணுகிறான் என்று நினைத்தேன்.
கோல்.
நியாயமாய்ப் பார்த்தால் அறுபத்திரண்டு.
ஒன்றை, எதிரணி ஸ்டாப்பர் காலில் பட்டதென்று
அவன் கணக்கில், சேம்சைடு என எழுதிவிட்டார்கள்.
படவில்லை.
மூன்று விரலை ஒட்டவைத்துக் காட்டினான்,
இவ்வளவு இடைவெளி.
பதினோரு வருடத்தில்
அந்த மூன்று விரல் இரண்டரை ஆகவில்லை.
ஸ்டாப்பர் நல்லவன்,
கிறிஸ்துமஸ்தோறும் ஒரு வரி அனுப்புவான்:
உன் கோல் என்னிடம் பத்திரம்.

உப்பளத்தில் ஐப்பசி ஆட்டம், மின்துறை அணியோடு.
முட்டிப்பட்டை அவிழாமல் பார்க்கத்தான் போனேன்.
மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்தோட,
எல்லை எங்கே என்று கொடிக்காரருக்கே தெரியவில்லை.
எழுபது நிமிடம் அவன் ஓடவே இல்லை.
காசு கொடுத்துக் கொண்டுவந்த வெள்ளைக் கம்பம் என்று
பக்கத்தில் கடலை தின்றவர் திட்டினார்.
நான் கால்களை மட்டும் பார்த்தேன்.
எடை இடதுக்குப் போனது.
வலது குதிகால் ஒரு நூல் உயர்ந்தது.
பந்து அப்போது மைதானத்தின் மறுமூலையில்.
இரண்டே எட்டு,
யாரும் இல்லாத ஒரு குட்டைக்குள்.
பந்து பிறகுதான் அங்கே வந்தது.
வலை உதறிய தண்ணீர்
கோல்கீப்பர் முகத்தில் அடித்தது.

மறுநாள் பேப்பரில்,
வாய்க்கால் அடைப்புச் செய்திக்குக் கீழே ஒரு வரி:
ராதாகிருஷ்ணன் 71-வது நிமிடத்தில் வெற்றி கோல்.

மாடிப்படியில் ஒற்றைக் காலை முன்வைத்தே ஏறிவந்தான்.
"என் பெயர் எங்கே?"
விரல் வைத்துக் காட்டினேன்.
"இவ்வளவு நீளமா?"
"தமிழில் அப்படித்தான்."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
கத்தரிக்கோல் கேட்டான்.
கட்டு வெட்டும் வளைந்த கத்தரிதான் இருந்தது,
வாய்க்காலும் பாதி சேர்ந்து வந்துவிட்டது.
"அறுபத்திரண்டு" என்று மடித்துப்
பாஸ்போர்ட்டுக்குள் வைத்தான்.

செவ்வாய் ஐந்தரை மணியை
மூன்று வாரம் யாருக்கும் தரவில்லை.
விசா முடிந்தது என்றார்கள்.
வீக்கம் வற்றியதா என்று சீட்டில் நிரப்பாமல் கிடக்கிறது.

மார்கழியில் கழுத்துவலியோடு வந்த லைன்மேன் சொன்னார்:
மின்துறை ஸ்டாப்பர் பெயர் ராதாகிருஷ்ணனாம்.
சொந்த வலையில் அடித்துத் தோற்கடித்தவன் என்று
ஆபீசில் இன்னும் கேலியாம்.
அவர் அன்றைக்கு ஆடவே இல்லை,
லீவு போட்டுத் திருநள்ளாறு போயிருந்தார்.