சாய்க்கக் கூடாது

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் கம்பெனி.
பழைய கெமிக்கல் ஸ்டோர்தான் எங்கள் சர்வர் ரூம்.
ஏழு வருடம் ஏசி ஓடியும்
சுவரை விட்டுப் போகவில்லை
சொல்யூஷன் வாசனை.

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்றே முக்கால்.
பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகவில்லை.
கேட்டில் கன்டெய்னர்,
ஸ்டியரிங்கில் தலைவைத்து முனிரத்தினத்தின் குறட்டை.
ஸ்டோரேஜ்காரன் சொன்னான்: ஸ்விட்சைப் பாருங்க மேடம்.
ஸ்விட்ச்காரன் சொன்னான்: எங்க லைட்டெல்லாம் பச்சை, சர்வரைக் கேளுங்க.
சர்வர்காரன் போனை எடுக்கவில்லை.
எடுத்தபோது விடிந்திருந்தது.
அவன் சொன்னது: ஸ்டோரேஜ்.

அதனால்தான் இந்த அக்னி வெயிலில்
ஒரே பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.
மூன்றும் ஓர் இரும்புக்குள்.
கம்பெனியிலேயே கோத்து, சோதித்து, பூட்டி
அப்படியே வந்து இறங்குமாம்.
ஒரே பில், ஒரே நம்பர்,
திட்டுவதற்கு ஒரே ஆள்.
கடைசியைத்தான் முதலாளி ரசித்தார்.

வாலாஜா டோலில் நாற்பது நிமிடம் நின்றதைச் சொல்லியபடி
சென்னையிலிருந்து வந்தவர் ஸ்லைடு போட்டார்.
இருபத்தேழு டிகிரியில் அருமையாக ஓடும் என்றார்.
எந்த ஊர் இருபத்தேழு என்று கேட்டேன்.
வெளியே நாற்பத்து மூன்று.
தகரக் கூரையில் காக்கைகூட உட்காரவில்லை.

இரண்டு வருடத்தில் ஸ்டோரேஜ் மட்டும் நிரம்பினால்?
முழு யூனிட்டாத்தான் சேர்க்கணும் மேடம்.
உப்பு தீர்ந்ததற்கு
இன்னொரு சமையலறை.

ஒரு அப்டேட் சொதப்பினால்?
சொதப்பாது.
சொதப்பினால்?
தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

ஒன்பதாவது ஸ்லைடில்
கீழ்நோக்கிய பச்சை அம்பு: ஆள் செலவு.
அற்புதமேரி தன் நோட்டில்
எதையோ எழுதி, அடித்தாள்.
கேபிள் ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தில்
பேர் ஒட்டி வைத்திருக்கும் இம்தியாஸ்
அம்பைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.

எக்செல்லில் இருபத்திரண்டு வரிசை.
விலை, மின்சாரம், வெப்பம்,
ராத்திரி ரெண்டு மணிக்குப் போனை எடுப்பவன் எந்த ஊர்க்காரன்.
எல்லாவற்றுக்கும் மார்க் போட்டேன்.
ஒரு கட்டத்துக்கு மட்டும்
மஞ்சள் அடித்துக் காலியாக விட்டேன்.
முதலாளி அதைத்தான் முதலில் கேட்பார்.

அனுப்பி வைத்த வரைபடத்தின் மூலையில்
எறும்பு எழுத்தில் இருந்தது:
உயரம் ஆறடி ஏழு அங்குலம்.
எடை எண்ணூற்று அறுபது கிலோ.
சாய்க்கக் கூடாது, சாய்த்தால் வாரன்டி இல்லை.

கட்டிங் செக்‌ஷன் டேப்பை வாங்கிவந்து
இம்தியாஸ் கதவை அளந்தான்.
ஆறடி மூன்று.
இன்னொரு முறை அளந்தான்,
எனக்காக.

மேஸ்திரி எத்திராஜ் வந்து
லிண்டலைத் தட்டிப் பார்த்தார்.
காதை வைத்து இன்னொரு தட்டு.
"இது சன்ஷேடோட சேத்துப் போட்ட கான்கிரீட்டு மேடம்.
தனியா எடுக்க வராது.
இதத் தொட்டா அதுவும் வரும்."
எவ்வளவு ஆகும் என்றேன்.
உடைக்கிறதுக்கா, திரும்பக் கட்டுறதுக்கா என்றார்.

இருபத்து மூன்றாவது வரிசை சேர்த்தேன்:
கதவு, நாலு அங்குலம் குறைவு.

அப்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினொரு வினாடி.
ஏசி அடங்கிய இடத்தில்
யுபிஎஸ்ஸில் ஓடும் மூன்று பெட்டிகள்
மூன்று சுருதியில் மூச்சு விட்டன.
பாதி சுற்றிய டேப்போடு
இம்தியாஸ் தலையைச் சாய்த்தான்.
"நடுவுல இருக்கறதுக்கு ஃபேன் பேரிங் போகுது மேடம்,"
என்றான் இருட்டில்.
"ஒரு வாரம் தாங்கும்."