அடுத்ததற்கு அடுத்தது

புன்தா அரேனாஸ். தீயணைப்பு நிலையத்தின் மாடி மண்டபம்.
தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது காற்று,
அதற்கும் ஏதோ ஒரு பாட்டு வேண்டும் போல.

முதலில் மணமகளின் சித்தப்பா.
பெயர் தெரியாதாம், பாடியது யாரென்றும் தெரியாதாம்.
"ல ல லாய்" என்று காதில் எச்சில் தெறிக்கப் பாடிக் காட்டினார்.
உலகத்தில் பாதிப் பாட்டு அப்படித்தான் போகிறது.
"இருக்கு, வரும்" என்றேன்.

பதினெட்டு வருடமாக நான் சொல்லும் பொய்
ஒன்றே ஒன்று:
அடுத்ததற்கு அடுத்தது.
"அடுத்தது" என்றால் நகராமல் நிற்பார்கள்.
"இல்லை" என்றால் கைப்பேசியை நீட்டுவார்கள்,
அதில் நாலு சதவீதம் சார்ஜும் ஒரு ஷாம்பூ விளம்பரமும் இருக்கும்.
அடுத்ததற்கு அடுத்தது என்றால்
போய் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வரலாம்.
குடித்துவிட்டு வருகிறவருக்கு
தான் கேட்டது கும்பியாவா வால்ட்ஸா என்பதே
மறந்திருக்கும்.

நெவென்கா நாப்கினில் எழுதிக் கொண்டுவந்தாள்.
மணமகனோடு மூன்று வருடம் சுற்றியவள்.
பிரித்துப் படித்தேன்,
வந்த மடிப்பிலேயே மறுபடி மடித்தேன்.
"இது தேவையா?"
"தேவையில்லை. சும்மா கேட்டுப் பார்த்தேன்."
அவளுக்காக ஒரு கூவேக்கா போட்டேன்.
எல்லார் கையிலும் கைக்குட்டை இருக்கிற ஆட்டம்;
நடுவில் ஒருத்தி கண்ணைத் துடைத்தால்
யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

ஐந்து வயது ஒருவனுக்கு வாத்துப் பாட்டு.
போட்டாயிற்று. இன்னொரு தரம்.
போட்டாயிற்று.

பத்தரை மணிக்கு தோன் பெலிசாரியோ
மிக்சருக்கு அடியில் இருபதாயிரம் பேசோ நோட்டைச் செருகினார்.
"அந்த அணிவகுப்பு இசை, யாஸ்னா. பித்தளை வாத்தியம்.
எதுவென்று உனக்கே தெரியும்."
தெரியும்.
இந்த ஊரில் அதைக் கேட்டால்
சிலர் விறைப்பாக எழுந்து நிற்பார்கள்,
சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.
ஆடுகிறவர் ஒருவரும் இல்லை.
அதைச் சொல்லவில்லை.
என் வாய் பழக்கத்தில் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது.

அவர் குடிக்கப் போகவில்லை.
ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்.
ஒன்று முடிந்தது. விரலை மடக்கினார்.
இரண்டு முடிந்தது. என்னைப் பார்த்தார்.
"கேபிள்," என்றேன், "கேபிளில் ஏதோ கோளாறு,"
இடுப்பளவு சத்தத்தில் கும்பியா அதிர்ந்துகொண்டிருக்க.

அவரே கரண்டியால் மேசையில் தட்டி
மூக்கால் வாசிக்கத் தொடங்கினார்.

எதெல்மீரா, மணமகனின் அத்தை,
ஆட்டிறைச்சித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.
எழுபத்து மூன்றில் அவள் அண்ணனை ஏற்றிச் சென்ற வண்டியில்
ரேடியோ எதை வாசித்துக்கொண்டிருந்தது என்பது
தெருவில் எல்லோருக்கும் தெரியும்,
யாரும் பேசியதில்லை.
பயத்தில் நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"அவன் கேட்டானா?"
"கேட்டார்."
"என்ன சொன்னாய்?"
"கேபிள்."
"நல்லது. ராத்திரி முழுக்க கேபிளாகவே இருக்கட்டும்."
அப்புறம்,
"நானும் ஒன்று கேட்கலாமா?
பாட்டெல்லாம் வேண்டாம்.
சத்தத்தை மட்டும் ரெண்டு கோடு ஏற்று."

ஏற்றினேன். நான்கு கோடு.
கண்ணாடி டம்ளர்கள் தாமாக நடந்தன.
கரண்டி தட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை.
அவள் தட்டுக்குத் திரும்பி
எலும்பைக் கையில் எடுத்துச் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு வயர்களைச் சுருட்டும்போது
அந்த நோட்டு கிடைத்தது.
தோன் பெலிசாரியோ நாற்காலியிலேயே தூங்கியிருந்தார்,
இரண்டு விரல் மடங்கியபடி.
அவர் கோட்டுப் பையில் வைத்துவிடலாம் என்று போனால்
ஆணியில் மூன்று கறுப்புக் கோட்டுகள்.
மூன்றிலும் நாப்தலின் வாசனை.
நடுவில் தொங்கியதில் வைத்தேன்.