அரைச்சாண் லாரி

லான்செஸ்டன் குப்பைமேட்டை ஒட்டிய
பழம்பொருள் கடையில் மூன்று டாலர்.
மரம் ஏற்றும் லாரி. மரம் இல்லை.
பச்சை பெயின்ட் பாதி,
மீதி வெறும் உலோகம்.
நான்கு சக்கரமும் நான்கு திக்கில்,
பிறந்த ஈரம் காயுமுன்
எழப் பார்க்கிற கன்றின் கால்களாய்.

லொரெல் ஹானிகன் பல் கட்டுகிறவள்.
வாய்களை அவள் பார்ப்பதில்லை.
வாய்களின் அச்சுகள் வரும்,
மஞ்சள் மாவுக்கல்லில், பெயர்ச்சீட்டோடு.
மேல் வரிசை, கீழ் வரிசை,
மெழுகில் ஈறு.
தாஸ்மேனியாவின் வடக்குப் பாதி
அவள் கடித்துப் பார்த்த பற்களால்தான்
ஆப்பிள் தின்கிறது
என்பாள், இரண்டாம் பியருக்குப் பிறகு.

மதிய இடைவேளை.
சாண்ட்விச்சைத் தள்ளிவைத்து
லாரியைக் கவிழ்த்தாள்.
அச்சுத் துளை வட்டமாக இல்லை,
ஓடி ஓடி முட்டையாகியிருந்தது.
"சொத்தை" என்றாள்
பக்கத்து மேசை ட்ராவிஸிடம்.

அச்சாணி இல்லாத தேர்
முச்சாணும் ஓடாதென்று
என் மொழியில் சொல்வார்கள்.
அவளுக்கு அது தெரியாது.
தெரிந்தால் சிரித்திருப்பாள்:
வண்டியே அரைச்சாண்,
அச்சு இருந்தும் ஓடவில்லை.

உருண்டை முனையை மாட்டி
அடித்தட்டின் இரண்டு குமிழ்களையும்
பொடியாக்கினாள். துத்தநாக வாசனை.
தட்டு கழன்றது.
உள்ளே கொஞ்சம் கடல்மணல்,
ஒரு யூகலிப்டஸ் விதை,
யாரோ பிய்த்துப்போட்ட சிவப்புத் தீக்குச்சித் தலை.

முன்னச்சு தேய்ந்து ஊசியாகியிருந்தது.
எறிந்தாள்.
பல்கம்பியில் புதிதாய் ஒன்று நறுக்கி,
முட்டைத் துளைகளுக்குப் பித்தளைக் குழாய் செருகி,
பசை காயுமட்டும் மூச்சை எண்ணினாள்.
சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே
ஒரு நீலக் காகிதம்.
பற்கள் எங்கே இடிக்கின்றன என்று
கடிக்கச் சொல்லிப் பார்க்கும் அதே காகிதம்.
பிறகு சுத்தியல்,
தட்டல் அல்ல, தொடுதலுக்குச் சற்று மேல்,
கம்பிமுனை காளானாய் விரியும்வரை.
காகிதத்தை உருவினாள்.
அந்தத் தடிமன்தான்
சக்கரத்துக்கு விட்ட இடம்.
அதையும் மூடினால் உருளாது.
கூட விட்டால் ஆடும்.
இதைச் சொல்லிக்கொடுக்க அவளால் முடியாது,
விரல் சொல்கிறது, நிறுத்துகிறாள்.

பின்னச்சில்தான் கை நின்றது.

அது அச்சே இல்லை.
குதிரை லாடத்து ஆணி.
ஒரு பக்கம் ஆணித்தலை,
மறுபக்கம் வளைத்து மடக்கிய முனை.
நடுவில், துளையின் பெருக்கத்தை அடைக்க,
சுற்றிச் சுற்றிச் சுற்றிய நூல்.
எச்சில் தொட்டுத் திரித்த நுனி.
முடிச்சு கடுகளவு.
நூலின் நிறம் என்னவாக இருந்ததோ,
இப்போது எண்ணெயின் நிறம்.

கம்பியில் இரண்டாம் துண்டு
ஏற்கெனவே நறுக்கிக் கிடந்தது.

"அதையும் போட்டுவிடேன்,
ஐந்து நிமிட வேலை" என்றான் ட்ராவிஸ்.

அவள் உருப்பெருக்கியை இறக்கினாள்.
இறுக்கிய கை இடக்கை.
முடிச்சு விழுந்த பக்கம் அப்படி.
வேறெதுவும் தெரியவில்லை.
ஆணா பெண்ணா, எத்தனை வயது,
குதிரை யாருடையது.

"இது இன்னொருவர் வேலை" என்றாள்.
"இன்னும் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறது."

தட்டை மூடி, திருகு போட்டாள்.
இரண்டாம் துண்டு கம்பி
மிஞ்சிய கம்பிகளின் டப்பாவுக்குப் போனது.

மேசையில் விட்டுப் பார்த்தாள்.
முன்சக்கரங்கள் நேர்கோட்டில்.
பின்சக்கரங்கள் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவை.
லாரி இடப்பக்கம் வளைந்து வளைந்து
மூன்று மணிக்கு வரவிருக்கும்
திருமதி பைபஸின் கீழ்ப்பல் வரிசையில்
முட்டி நின்றது.

மறுபடி விட்டாள்.
மறுபடி பைபஸ்.

ட்ராவிஸ் டப்பாவை நகர்த்தி வைத்தான்.
லொரெல் அதைப் பழைய இடத்துக்கே இழுத்தாள்,
சாண்ட்விச்சை ஒரு கடி கடித்தாள்,
லாரியைப் பின்னுக்கு எடுத்து
இம்முறை இன்னும் தூரத்திலிருந்து
விட்டாள்.